குடிநீருக்கும் பாதாள சாக்கடைக்கும் கட்டணத்தை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்?

நாகர்கோவிலில் இருந்து வந்த கேள்வியின் சுருக்கம் இது. சொந்த வீடு, வற்றாத கிணறு. மாநகராட்சிக் குழாயில் வருவதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பிடிக்கிறார்கள். பாதாள சாக்கடை இணைப்புக்கு வைப்புத்தொகை, அதன்மேல் மாதக் கட்டணம் என்று பேச்சு வந்ததும் கேட்கிறார்கள்: "கரண்ட் பில்லை ஏற்றினால் ஒரு ஆணையம் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறதே, தண்ணீருக்கு அப்படி யாரும் இல்லையா? கிணற்றுத் தண்ணீரில் குளிக்கிற நான் சாக்கடைக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?"

முதல் கேள்விக்கு நேரான பதில்: தமிழ்நாட்டில் குடிநீர், கழிவுநீர்க் கட்டணத்தை ஆராய்ந்து உத்தரவு போடுகிற தனி ஒழுங்குமுறை ஆணையம் கிடையாது. சென்னை நீங்கலாக, கட்டணத்தை விதிப்பதும் உள்ளாட்சி, வசூலிப்பதும் உள்ளாட்சி, அந்த வேலையைச் செய்வதும் பெரும்பாலும் அதே உள்ளாட்சிதான்.

74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புறக் குடிநீரை, நகர உள்ளாட்சிகளின் பணிகளைப் பட்டியலிடும் 12-வது அட்டவணையில் வைத்தது. அதையொட்டி வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 1998-ல் இயற்றப்பட்டாலும், 2023-ல் விதிகளோடு சேர்ந்துதான் நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சியோ நகராட்சியோ பேரூராட்சியோ, அரசு வகுத்த அந்த விதிகளுக்குள் நின்று மன்றத் தீர்மானத்தின் மூலம் கட்டணம் விதிக்கிறது. கிராமத்தில் 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். இவற்றுக்கு நடுவில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் இருக்கிறது. 1971 முதல் செயல்படும் அந்த வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைக் கட்டி, பல திட்டங்களைத் தானே ஓட்டி, ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும் மொத்தமாகத் தண்ணீர் விற்கிறது. ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்ற அந்த மொத்த விலை உங்கள் வார்டு கவுன்சிலரின் கையில் இல்லை. ஆக, நீங்கள் கட்டும் தொகையில் ஒரு பகுதியை மன்றம் தீர்மானிக்கிறது, ஒரு பகுதி வாரியத்திடமிருந்து வருகிறது, இன்னொரு பெரிய பகுதியை மின்சாரம் விழுங்குகிறது.

அந்த மின்சாரத்துக்கு மட்டும் ஆணையம் இருக்கிறது என்பதுதான் எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999-ல் ஏற்பட்டது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, கட்டண மனுவைப் பத்திரிகையில் வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகுதான் உத்தரவு போட முடியும். 2022 செப்டம்பரில் வந்த பெரிய உயர்வுக்கும், 2023, 2024, 2025 ஜூலை மாதங்களில் வந்த உயர்வுகளுக்கும் கணக்குத் தாளாவது உண்டு. படிக்க நினைத்தவர் படிக்கலாம். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் கரண்ட் செலவுக்கு இவ்வளவு விசாரணை. அந்த மோட்டாரை வைத்து நடக்கும் குடிநீர் விநியோகத்துக்கு மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மான எண், அவ்வளவுதான்.

வெளியே எப்படி என்றும் பார்த்துவிடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989-ல் தண்ணீர் நிறுவனங்களைத் தனியாருக்கு விற்றார்கள். கூடவே ஆஃப்வாட் என்ற ஒழுங்குமுறை அமைப்பை வைத்தார்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனத்தின் செலவையும் முதலீட்டையும் அலசி, பில் எவ்வளவு ஏறலாம் என்று அது சொல்லும். 2024 டிசம்பரில் விலைவாசி உயர்வு நீங்கலாக 5 ஆண்டில் சராசரியாக 36 சதவீத உயர்வுக்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் தனியார் தண்ணீர் நிறுவனங்களை மாநில ஆணையங்கள் கட்டுப்படுத்துகின்றன. நகராட்சி நடத்தும் தண்ணீருக்குப் பெரும்பாலும் நகர மன்றமே கட்டணம் வைக்கிறது. விஸ்கான்சின் மாநிலம் நகராட்சித் தண்ணீரையும் ஆணையத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் வழி வேறு: 1996-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 218-வது முன்மொழிவின்படி, கட்டணம் அந்தச் சேவையின் செலவைத் தாண்டக் கூடாது, பொது விசாரணைக்கு 45 நாள் முன்பே தபாலில் அறிவிப்பு வர வேண்டும், பாதிக்கு மேற்பட்ட சொத்து உரிமையாளர்கள் எழுத்தில் எதிர்த்தால் உயர்வு செல்லாது. சான் வான் கப்பிஸ்ட்ரானோ என்ற ஊரில் அதிகம் செலவழிப்பவருக்கு அதிக விலை என்று அடுக்கடுக்காக வைத்த கட்டணத்தை, ஒவ்வொரு அடுக்குக்கும் செலவுக் கணக்கு காட்டவில்லை என்று 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. நம் நாட்டில் மகாராஷ்டிரம் 2005-ல் நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் அமைத்தது. ஆனால் அது நதி, அணைத் தண்ணீரின் மொத்த விலையைத்தான் பார்க்கிறது. வீட்டுக் குழாய்க் கட்டணம் அங்கேயும் நகராட்சியிடமே.

ஆணையம் வந்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று நான் நம்பவில்லை. அத்தனை ஆண்டு ஆஃப்வாட் பார்த்துக்கொண்டிருக்கும்போதேதான் லண்டன் பகுதிக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர் நிறுவனம் கடனில் மூழ்கியது. கழிவுநீர்க் கோளாறுகளுக்காகவும் தகாத ஈவுத்தொகைக்காகவும் 2025 மே மாதம் அதற்கு 12 கோடியே 27 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. எனக்கு அந்த ஊர்களிடமிருந்து வேண்டியது ஒன்றுதான்: கட்டணம் ஏறும் முன் அதன் கணக்கு பொதுவில் வருவது. அதற்கு நாம் ஆணையத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் குடிநீர் இணைப்பு. ஆண்டுக்கு மின்சாரம் 1 கோடியே 20 லட்சம், வாரியத்துக்குக் கொடுக்கும் மொத்த விலை 80 லட்சம், சம்பளம் 80 லட்சம், குளோரினும் படிகாரமும் 20 லட்சம், உடைப்பு அடைத்தல், மோட்டார் காயில் கட்டுதல் போன்ற பராமரிப்பு 60 லட்சம். மொத்தம் 3 கோடியே 60 லட்சம். 12 மாதம், பத்தாயிரம் வீடு என்று வகுத்தால் மாதம் 300 ரூபாய். பம்பும் மோட்டாரும் 15 ஆண்டு, குழாய் 30 ஆண்டு என்றுதான் திட்டம் போடும்போது எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றை மாற்ற ஆண்டுக்கு 60 லட்சம் ஒதுக்கினால் 350 ஆகிவிடும். நான்கில் ஒருவர் கட்டாமல் விட்டால், கட்டுகிற மூவரின் தலையில் ஆளுக்கு சுமார் 467 ரூபாய் வந்து விழும்.

இனி எதிர்ப்பக்கம். அந்த ஊரில் ஏற்றுகிற தண்ணீரில் 40 சதவீதம் கசிவிலும் திருட்டு இணைப்பிலும் போகிறது என்று வையுங்கள். 2008-ல் மத்திய நகர்ப்புற அமைச்சகம் வெளியிட்ட சேவைத் தர அளவுகோலின்படி, கணக்கில் வராத தண்ணீர் 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 40-ஐ 20-க்குக் கொண்டுவந்தால், வீடுகளுக்குப் போய்ச் சேரும் தண்ணீர் குறையாமலே ஏற்றும் அளவு கால் பங்கு குறையும். மின்சாரமும் மொத்த விலையும் சேர்ந்த 2 கோடியில் 50 லட்சம் மிச்சம். வீட்டுக்கு மாதம் 40 ரூபாய்க்கு மேல். கட்டணத்தை ஏற்ற வேண்டும் என்று சொல்கிற எந்த மன்றத்திடமும் நான் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். அதே அளவுகோல் செலவு முழுவதையும் கட்டணத்தில் மீட்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆட்சியாளர்கள் அந்த வரியை மட்டும் மேற்கோள் காட்டும்போது மற்ற வரிகளையும் நாம் எடுத்துப் போட வேண்டும். அதில் 100 சதவீத மீட்டர் இருக்கிறது, 24 மணி நேரத் தண்ணீர் இருக்கிறது.

முதலீட்டுச் செலவில் ஒரு நுட்பம் உண்டு. 1945-ல் திருவிதாங்கூர் காலத்தில் கட்டிய முக்கடல் அணையை நம்பி நாகர்கோவில் பல பத்தாண்டுகள் ஓட்டியது. கோடையில் அது கீழே போனதும் ஊரே தவித்ததால்தான், மத்திய அரசின் அம்ருத் நகர்ப்புறத் திட்டத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புத்தன் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வேலை எடுக்கப்பட்டது. மத்திய, மாநில அரசுகள் மானியமாகத் தந்த பணத்தைக் கட்டணத்தின் வழியே மறுபடி நம்மிடம் கேட்கலாமா? அமெரிக்க ஆணையங்கள் மானியமாகவோ மக்களின் பங்களிப்பாகவோ வந்த சொத்தின்மேல் நிறுவனம் லாபம் பார்க்கக் கூடாது என்று அதைக் கட்டணக் கணக்கின் முதலீட்டிலிருந்து கழித்துவிடுகின்றன. அது சரியான வழி என்பது என் எண்ணம். உள்ளாட்சி தன் சொந்தக் கடனாக வாங்கிய பங்கின் தவணை கட்டணத்தில் வரலாம். மானியம் வரக் கூடாது. பழுதாகும் மோட்டாரை மாற்ற ஒதுக்குவது வேறு, அதை மறுக்கக் கூடாது. இப்போது ஒதுக்காவிட்டால் 15 ஆண்டு கழித்து இன்னொரு மானியத்துக்குக் கையேந்தி நிற்போம்.

உள்ளாட்சிக் கணக்குகளை நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000-ஐ ஒட்டி இரட்டைப் பதிவுக் கணக்குக்கு மாறியபோதே, பொது வருவாய் நிதி தனி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி தனி, தொடக்கக் கல்வி நிதி தனி என்று பிரித்துவிட்டார்கள். அதாவது உங்கள் தண்ணீர்க் கணக்குக்குத் தனிப் புத்தகம் இருக்கிறது. சொத்து வரியையும் நெடுங்காலமாகப் பொதுப் பங்கு, குடிநீர் வடிகால் பங்கு, கல்விப் பங்கு என்று பிரித்துத்தான் எழுதி வந்தார்கள். நூலக வரி அதன்மேல். 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது, 15-வது நிதிக் குழு மானியம் பெற இது கட்டாயம் என்றார்கள். அந்தக் குழு உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. ஆகவே மாதக் கட்டணத்தை மட்டும் காட்டி "செலவில் பாதிகூடத் தேறவில்லை" என்று ஒரு மன்றம் சொன்னால், அதே நிதிக்கு வரிப் பங்காகவும் மானியமாகவும் வந்தது எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. வரிக்குப் பதிலாக இன்ன சேவை என்று காட்ட வேண்டியதில்லை. கட்டணத்துக்குச் சேவையோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பதை 1954 ஷிரூர் மடம் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் பேசி வருகிறது. பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டாம் என்று பிந்தைய தீர்ப்புகள் தளர்த்தின. தொடர்பே இல்லாமல் வாங்கலாம் என்று எங்கும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் கிணறு. குமரி மாவட்டத்தின் தனிச் சிக்கலே இதில்தான் இருக்கிறது.

உலகம் முழுக்கக் கழிவுநீரை யாரும் வீட்டுக்கு வீடு அளப்பதில்லை. குளியலறையிலிருந்து வெளியே போகும் குழாயில் மீட்டர் வைத்தால் ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால் குடிநீர் மீட்டரில் எவ்வளவு ஓடியதோ, அதில் ஒரு பங்கு கழிவுநீராக வந்திருக்கும் என்று வைத்து பில் போடுகிறார்கள். நம் ஊரில் இது நடக்காது. கோட்டாரிலோ வடசேரியிலோ கிணறும் போர்வெல்லும் வைத்திருக்கும் வீடு குழாயில் பத்துக் குடம் பிடித்துவிட்டு, சாக்கடைக்கு ஆயிரம் லிட்டர் அனுப்பும். பக்கத்தில் கிணறு இல்லாத வாடகைக் குடியிருப்பு குழாய்த் தண்ணீரையே முழுக்க நம்பியிருக்கும். குழாய் மீட்டரை வைத்துக் கழிவுநீர்க் கட்டணம் போட்டால் ஏழை வீடு அதிகம் கட்டும், கிணற்று வீடு தப்பித்துவிடும். அப்படிப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பவர் சாக்கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். அந்தத் தண்ணீரை ஏற்றி, சுத்திகரித்து, வெளியே விடுகிற செலவு குழாய்த் தண்ணீரானாலும் கிணற்றுத் தண்ணீரானாலும் ஒன்றுதான்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே தொகை என்பதும் நியாயமாக இல்லை. அமெரிக்காவில் சொந்தக் கிணறும் பொதுச் சாக்கடையும் உள்ள வீடுகளுக்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்: ஒன்று, சராசரிக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, இல்லையென்றால் கிணற்று மோட்டாரிலேயே மீட்டர். இங்கே கட்டட அளவை வைத்து அடுக்கு போடுவதுதான் வழக்கம், ஏனென்றால் சதுர அடி ஏற்கெனவே சொத்து வரிப் பதிவேட்டில் இருக்கிறது. அது கச்சிதமான அளவு ஆகாது. பெரிய தறவாட்டு (பூர்வீகக் கூட்டுக்குடும்ப) வீட்டில் வயதான இரண்டு பேர் இருப்பார்கள், பிள்ளைகள் வளைகுடாவில். அறுநூறு சதுர அடியில் ஏழு பேர் இருப்பார்கள். ஆனாலும் வசூலிக்க எளிது, தகராறு குறைவு. வீட்டைப் பொறுத்தவரை இதை ஏற்கலாம் என்பேன். லாட்ஜ், மருத்துவமனை, திருமண மண்டபம் ஆகியவற்றுக்கு ஏற்கவே கூடாது. அவர்கள் போர்வெல்லிலும் லாரித் தண்ணீரிலும் மீட்டர் வைத்தே கட்ட வேண்டும். கன்னியாகுமரியைப் பாருங்கள். கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் தை வரைக்கும் கூட்டம் குறையாது. குழாயும் தொட்டியும் சுத்திகரிப்பு நிலையமும் அந்த உச்சக் கூட்டத்துக்கு ஏற்ற அளவில் கட்டியாக வேண்டும்; மற்ற மாதங்களில் பாதி சும்மா கிடக்கும். அந்த உபரி அளவின் செலவை ஊர்க்காரர் தலையில் சமமாகப் பரப்புவது அநியாயம். சீசன் மாதங்களில் வணிக இணைப்புக்குக் கூடுதல் விகிதம் வைப்பதே முறை.

சாக்கடைக்கு நம் நிலமும் மழையும் தனியாகச் செலவு வைக்கின்றன. மேடும் பள்ளமுமான ஊர் என்பதால், பள்ளத்தில் சேர்ந்ததை மறுபடி ஏற்றுவதற்குப் பம்பிங் ஸ்டேஷன் வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். மொட்டை மாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடை இணைப்பில் செருகிவிடும் வீடுகளால், மழை நாளில் பம்புக்கு வரும் தண்ணீர் பல மடங்காகிறது, மேன்ஹோல் பொங்குகிறது, கரண்ட் பில்லும் ஏறுகிறது. அதைக் கண்டுபிடித்துத் துண்டிப்பது கட்டணத்தைக் குறைக்கிற மலிவான வழிகளில் ஒன்று.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்குக்கும் உங்கள் கிணற்றுக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது? நெருக்கமான தெருக்களில் ஒரு சுவர்தான் இருக்கும். அடியில் சிமெண்ட் போடாத உறிஞ்சு குழிகள் நிறைந்த தெருவில் கிணற்றுத் தண்ணீரைக் காப்பாற்றப்போவது அந்தப் பாதாள சாக்கடைதான். உங்கள் கட்டணத்தில் ஒரு பங்கு உங்கள் கிணற்றுக்காகவே போகிறது.

வைப்புத்தொகையைப் பற்றி. சென்னையை அடுத்த ஆலந்தூரில் 1990-களின் கடைசியில் தொடங்கிய பாதாள சாக்கடைத் திட்டத்தில், குடியிருப்புக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடம் முன்கூட்டியே வாங்கினார்கள். மாதக் கட்டணம் 150 ரூபாய் வரை என்று பேசி முடித்தார்கள். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் மக்கள் கட்டினார்கள். குடியிருப்போர் சங்கங்களைத் தெருத் தெருவாகக் கூட்டி, மொத்தச் செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று முன்னாடியே காட்டியதுதான் காரணம். நாகர்கோவிலில் பாதாள சாக்கடைக்காகத் தோண்டிய தெருக்களில் மக்கள் ஆண்டுக்கணக்கில் புழுதி தின்றார்கள். அப்படிப்பட்ட ஊரில் கணக்கைக் காட்டாமல் வைப்புத்தொகை கேட்டால் கசப்பு வராமல் எப்படி இருக்கும்? வைப்புத்தொகை வாங்கினால் அது எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படுகிறது, இணைப்பு எந்தத் தேதிக்குள் கிடைக்கும், கிடைக்கும்வரை மாதக் கட்டணம் ஓடுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தின் கடலோரத்தில் உப்பு ஏறியதால் பல ஊர்கள் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கின்றன. குழித்துறைத் தாமிரபரணியில் கடல்நீர் மேலே ஏறாமலிருக்கப் பரக்காணியில் தடுப்பணை கட்டியதும் இந்தக் கவலையில்தான். கிராம வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தர 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பாதாள சாக்கடை உள்ள நகரத்துக்கு அது 135. கட்டணம் பேசும்போது இந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும். குறைவான தண்ணீருக்கு நகரத்தின் கட்டணத்தைக் கேட்க முடியாது. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. நகரங்களிலும் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல்தான் ஓடியது. வாக்குக் கேட்டு வரப்போகிறவர் இல்லாத காலத்தில் போடப்படும் கட்டணத் தீர்மானத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். ஆண்டுக்கு 6 முறை கிராம சபை உண்டு. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கென்றே வைத்தது. குடிநீர்க் கணக்கைக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு ஒரு மனு போடுங்கள். கடைசி மூன்று ஆண்டுகளின் குடிநீர் மற்றும் வடிகால் நிதியின் வருமானச் செலவுக் கணக்கு, அதன்மேல் உள்ளாட்சித் தணிக்கை எழுதிய ஆட்சேபணைகள், நாளொன்றுக்கு ஏற்றும் தண்ணீரும் வீடுகளைச் சேரும் தண்ணீரும் எவ்வளவு, வணிக இணைப்புகளின் பாக்கி எவ்வளவு, கட்டணம் பற்றிய மன்றத் தீர்மானத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். "ஏன் ஏற்றினீர்கள்" என்று மனுவில் கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்ப வழி கிடைத்துவிடும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கையில் கணக்கு வந்ததும் வார்டு கவுன்சிலரிடம் கொடுத்து மன்றத்தில் பேசச் சொல்லுங்கள், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூடினால் நீங்களே எழுந்து வாசியுங்கள். கிணறு உள்ள வீடுகளைத் தனி வகையாகப் பதிவு செய்ய வேண்டும், லாட்ஜ் மண்டபங்களின் போர்வெல்லுக்கு மீட்டர் வைக்க வேண்டும் என்ற இரண்டையும் கோரிக்கையாக எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை பணத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். பாக்கி ஏறினால் இணைப்பு துண்டிக்கப்படலாம், வீட்டை விற்கும்போதும் பெயர் மாற்றும்போதும் அது வந்து நிற்கும். "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ரசீதில் குடிநீர், கழிவுநீர், வைப்புத்தொகை மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிட்டு நகருங்கள்.